பொறுப்போடு குத்துகிறவர்

வலி கொடுக்கிற மனிதர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சும்மா குத்துகிறவர். கோபம் வந்தால் குத்துவார், குத்தினால் கோபம் போய்விடும், பிறகு சாப்பிடப் போய்விடுவார். இவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போலீசுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இவரை நன்றாகவே தெரியும்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை. பொறுப்போடு குத்துகிறவர். இவர் குத்துவதற்கு முன் யோசிப்பார். யோசித்ததை உங்களிடம் சொல்வார். சொன்னது புரிந்ததா என்று கேட்பார். புரிந்தது என்று நீங்கள் தலையாட்டிய பிறகு, 'எனக்கு மட்டும் இதில் சந்தோஷமா என்ன?' என்று ஒரு பெருமூச்சு விட்டு, குத்தவேண்டிய இடத்தில், குத்தவேண்டிய அளவில், சுத்தமாக ஒரு குத்து. அவ்வளவுதான். முதல் வகைக்காரரிடம் வாங்கினால் வலியோடு போயிற்று. இவரிடம் வாங்கினால் நன்றிக்கடன் வேறு வந்து சேரும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் மேய்கிறது. ஆனால் நல்ல புஷ்டியான, முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், செவ்வாய்க்கிழமை காலையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பக்கம் வில்லோபோர்ட் மாட்டு ஏலக் கொட்டகைக்கு வாருங்கள். முன்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நிற்காதீர்கள். நேராகப் பின்பக்கம், மாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏல வட்டத்துக்கு அனுப்புகிற ஒற்றைச் சந்துக்குப் போங்கள். அங்கே அறுபத்தொரு வயதில், துவைத்து இஸ்திரி போட்ட சட்டையும், வெயிலில் வெளுத்த தொப்பியும், முகத்தில் நீதிபதிக் களையுமாக ஒருவர் நிற்பார். டெல்பர்ட் வோண்ட்ரா. அவர் கையில் இருப்பதுதான் கரண்ட் குச்சி. நான்கடி நீளம், பிடியில் பேட்டரி, நுனியில் இரண்டு செம்பு முள். பொத்தானை அமுக்கி மாட்டின் மேல் வைத்தால் 'ட்ர்ர்ர்' என்னும், மாடு பாயும். நம் தார்க்குச்சியைக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தால் எப்படித் திரும்பி வருமோ, அப்படி ஒரு சாமான்.

இருபத்தொன்பது வருடமாக அந்தக் குச்சி டெல்பர்ட்டின் கையில் இருக்கிறது. ஒரு நாளாவது அவர் மாட்டுக்கு ஷாக் கொடுத்திருப்பாரா? மாட்டார். அவர் கொடுப்பது நினைவூட்டல். அப்படித்தான் சொல்லவேண்டும். பக்கத்துப் பட்டிக்காரன் ஒருவன் வாய் தவறி, "டெல்பர்ட்டு, அந்தச் செவலைக்கு ஒரு ஷாக் குடு" என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை நின்று பாடம் கேட்டான்.

"ஷாக்குங்கறது கொடுமைக்காரன் குடுக்கறது. நான் குடுக்கறது நினைவூட்டல். மாட்டுக்குத் தான் எங்க போகணும்னு மறந்துபோச்சு. நான் ஞாபகப்படுத்தறேன்."

"மாட்டுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியும்" என்றார் டெல்பர்ட். எந்த மாடு அவரிடம் வந்து சொல்லிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு மணி நேரம்.

சந்தின் சுவரில் அவரே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டிய ஏழு விதிகள் தொங்குகின்றன. முகத்தில் கூடாது, மடியில் கூடாது, கன்றுக்குக் கூடாது, முன்னால் போக வழியில்லாத மாட்டுக்குக் கூடாது, கோபமாக இருக்கும்போது கூடாது, நூறு மாட்டில் பத்துக்கு மேல் கூடாது. இந்த ஆறும் எந்தக் கொட்டகையிலும் இருப்பவை, நல்ல விதிகள், பழுது சொல்வதற்கில்லை. ஏழாவதுதான் டெல்பர்ட்டின் சொந்தச் சரக்கு: 'முதலில் எனக்கு.'

ஒவ்வொரு செவ்வாயும் காலை எட்டு மணிக்கு, முதல் மாடு சந்தில் நுழைவதற்கு முன், டெல்பர்ட் சட்டைக்கையை முழங்கைவரை மடிப்பார். தொப்பியைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டுவார். சுற்றிலும் பார்ப்பார், ஆள் இருக்கிறதா என்று. ஆள் இல்லாவிட்டால் கொஞ்சம் காத்திருப்பார். இரண்டு பேராவது சேர்ந்ததும், குச்சியின் நுனியைத் தன் இடது முன்கையில் வைத்து, வானத்தைப் பார்த்தபடி பொத்தானை அமுக்குவார். "ஆவ்!" என்பார். துள்ளுவார். பிறகு கண்ணில் நீரோடு, கோயிலிலிருந்து வெளியே வந்தவர்போல் ஒரு சாந்தம். அன்று முழுவதும் அந்தக் குச்சி புனிதமாகிவிட்டது என்று அர்த்தம். மாட்டுக்குத்தான் இந்த விஷயம் போய்ச் சேரவில்லை.

ஏழாவது விதி கொட்டகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தீவனம் விற்க வருகிற பிரதிநிதி முதல் புதிதாக ஊருக்கு வந்த பாதிரியார்வரை, யார் சந்துப் பக்கம் எட்டிப்பார்த்தாலும், "அனுபவிக்காம ஒண்ணத்தப் பத்தி அபிப்பிராயம் சொல்லக் கூடாதுங்க, கையை நீட்டுங்க" என்பார். பாதிரியார் நீட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நரகத்தைப் பற்றி, வழக்கத்தைவிடத் தத்ரூபமாக இருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், ஊசியோடு குனிந்த டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதை உங்க ஈறுல போட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று டெல்பர்ட் கேட்டது அந்தக் கவுண்டி, நம் ஜில்லா மாதிரி, முழுக்கத் தெரியும். அவருடைய மனைவி லவோன் அன்றுமுதல் பல் வைத்தியத்துக்கு அறுபது மைல் தள்ளிப் போகிறார்.

இவ்வளவு மனச்சாட்சி உள்ள மனிதர் ஏன் வாரா வாரம் நூற்றுக்குச் சரியாகப் பத்து மாட்டுக்கு நினைவூட்டவேண்டி வருகிறது? இதுதான் வேடிக்கை. டெல்பர்ட்டுக்கு ஒரு கொள்கை உண்டு: சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து குத்துவது கோழைத்தனம். ஆகவே ஒவ்வொரு மாடும் சந்தில் வரும்போது, அதன் முகத்துக்கு நேரே வேலி ஓரமாகப் போய் நின்று, கண்ணோடு கண் பார்த்து, "இங்க பாரும்மா, நீயா நடந்தா ரெண்டு பேருக்கும் மரியாதை" என்று எச்சரிப்பார். முகத்துக்கு எதிரே ஓர் ஆள் வந்து நின்று முறைத்தால் மாடு என்ன செய்யும்? நிற்கும். நின்ற மாட்டை டெல்பர்ட் வருத்தத்தோடு பார்ப்பார். எச்சரித்தும் கேட்கவில்லையே! அதில் அதிகப் பிடிவாதம் பிடிக்கிற பத்துக்கு நினைவூட்டல். மீதித் தொண்ணூறு, அவருடைய கொழுந்தியாளின் தயவில் நகரும்.

கொழுந்தியாளின் பெயர் ரோண்டா. லவோனின் தங்கை. பதினோரு வருடமாக அதே கொட்டகையில் அதே மாடுகளை நகர்த்துகிறாள். அவள் கையில் ஒன்றும் இருக்காது. சில சமயம் காபி இருக்கும். வேலி ஓரமாக இரண்டடி இப்படி, இரண்டடி அப்படி. மாடு நடந்துபோகும். பார்க்க எதுவுமே நடக்காததுபோல இருக்கும். அதனால் அவளை யாரும் பாராட்டியதில்லை.

கொட்டகைக்கு மூன்று பேர் கொண்ட ஒரு கால்நடை நலக் கமிட்டி உண்டு. தலைவர் டெல்பர்ட். உறுப்பினர்கள் ரோண்டாவும், கொட்டகை முதலாளியான ஆர்டன் பீலும். மாதத்துக்கு ஒரு முறை சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் கூடுவார்கள். ஆளுக்கொரு கிண்ணம் காரமான இறைச்சி அவரைக் குழம்பு, தொட்டுக்கொள்ளச் சர்க்கரைப் பாகு வழிகிற இலவங்கப்பட்டை ரொட்டி. முகம் சுளிக்காதீர்கள், அந்தப் பக்கத்தில் அதுதான் ஜோடி. கூட்டத்தில் வழக்கமாக டெல்பர்ட் பேசுவார், ஆர்டன் சாப்பிடுவார், ரோண்டா ஜன்னலைப் பார்ப்பாள். மார்ச் மாதக் கூட்டத்தில் மட்டும் அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன். குச்சியச் சுவத்துல மாட்டிரலாம்."

"மாட்டலாமே" என்றார் டெல்பர்ட். "வேலை முடிஞ்சதும் நான் அங்கதான மாட்டறேன்?"

"நிரந்தரமா, அத்தான்."

டெல்பர்ட்டின் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"பொறுப்பில்லாதவன் கையில இருந்தா நானே மாட்டச் சொல்லியிருப்பேன். இது யார் கையில இருக்கு? என் கையில. நான் எவ்வளவு யோசிச்சு..."

"நீங்க யோசிக்கறதுதான் பிரச்சனையே. மாட்டோட தோள்தான் அதுக்குக் கணக்கு. தோளுக்கு முன்னால நின்னீங்கன்னா நின்னுரும். தோளத் தாண்டிப் பின்னால வந்தீங்கன்னா தன்னால முன்னால நடக்கும். நீங்க மூஞ்சிக்கு நேராப் போய் நின்னுக்கிட்டு பிரசங்கம் பண்றீங்க. அதுவும் நின்னு கேக்குது. கேட்டதுக்குக் குத்து!"

"அப்போ, கண்ணப் பாக்காம பின்னால இருந்து குத்தச் சொல்றியா?"

"குத்தவே சொல்லலையே!"

சிலருடைய காதில் சில வார்த்தைகள் நுழைவதில்லை. டெல்பர்ட் ஆர்டன் பக்கம் திரும்பினார். "பாத்தியா ஆர்டனு? பின்னால இருந்து குத்தணுமாம். என்ன உலகம்யா இது."

ஆர்டன் ரொட்டியைக் குழம்பில் முக்கியபடியே, "யோவ், எனக்கு மாடு வட்டத்துக்கு வந்தாப் போதும். நீங்க அத்தானும் கொழுந்தியாளும் அடிச்சுக்கிட்டு என் ஏலத்த நிறுத்தாதீங்க" என்றார்.

"சரி, பரீட்சை வச்சுக்கலாம்" என்றாள் ரோண்டா. "வர்ற செவ்வாக்கெழமை நூறு மாடு. அத்தான் ஒருத்தரே நகத்தட்டும், நான் கை வைக்க மாட்டேன். பத்து மாட்டுக்குள்ள குச்சி பட்டா, குச்சி அவர்கிட்டயே இருக்கட்டும். பதினொண்ணு ஆச்சுன்னா, சுவத்துக்குப் போகட்டும்."

ஆர்டன் தலையாட்டினார். டெல்பர்ட் மனத்துக்குள் கணக்குப் போட்டார். ரோண்டா இல்லாமல் நூறு மாடு! பத்துக்குள்! ஆனால் தலைவர் பயந்ததாகக் காட்டலாமா? அந்த நேரம் பார்த்து ரோண்டா இன்னொன்று சொன்னாள்.

"இன்னொரு விஷயம், அத்தான். காலைல ஒரே ஒரு தடவ உங்களுக்கு வச்சுக்கறீங்க. அப்புறம் நாள் முழுக்க மாட்டுக்கு. இது எந்த ஊரு நியாயம்?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. டெல்பர்ட் எழுந்து நின்றார். காதுமடல் சிவந்திருந்தது.

"ஏழாவது விதியத் திருத்தறேன். இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல எனக்கு. எனக்கு வைக்காம ஒரு மாட்டு மேலயும் படாது. எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை.

"குச்சி போச்சுன்னா விதி எதுக்கு, லவோன்? விதி இல்லன்னா கமிட்டி எதுக்கு? கமிட்டி இல்லன்னா நான்?"

"மாடு ஓட்டறவர்" என்றார் லவோன்.

"மாடு யார் வேணாலும் ஓட்டலாம்."

 முப்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில், எதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது லவோனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. டெல்பர்ட் சாலையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டே ஓட்டினார். ஊரில் எத்தனையோ பேர் மாடு ஓட்டுகிறார்கள். பொறுப்போடு நினைவூட்டுகிறவர் அவர் ஒருவர்தான். குச்சியை எடுத்துவிட்டால் பொறுப்பை எதன்மேல் வைப்பது? வெறும் கையோடு நிற்கிற மனிதனை யாராவது 'எவ்வளவு நிதானம்!' என்று புகழ்வார்களா?

செவ்வாய்க்கிழமை வந்தது. சந்துக்கு மேலே குறுக்காகப் போட்டிருந்த பலகைப் பாலத்தில், எண்ணும் கருவியோடு ஆர்டன் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ரோண்டா, இரண்டு கையும் கால்சட்டைப் பையில். முதல் மாடு, நல்ல கறுப்பு ஆங்கஸ் ஜாதி, ஆடி அசைந்து சந்தில் வந்தது. விட்டிருந்தால் தன்பாட்டுக்குப் போயிருக்கும். டெல்பர்ட் அதன் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"இங்க பாரும்மா. இது தண்டனை இல்ல. உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு புரிதல்."

மாடு நின்றது. வாலைத் தூக்கிப் புரிதலைத் தெரிவித்தது.

டெல்பர்ட் பெருமூச்சு விட்டார். சட்டைக்கையை மடித்தார். "முதல்ல எனக்கு" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, குச்சியை முன்கையில் வைத்து அமுக்கினார்.

"ஆவ்!"

துள்ளி, வேலி ஓரமாக மாட்டின் வால் பக்கம் மூன்றடி போய் விழாமல் நின்றார். அந்த மூன்றடியில் மாட்டின் முகத்தைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டியிருந்தார். முன்னால் வழி திறந்ததைப் பார்த்த மாடு நடந்துபோய்விட்டது.

"ஒண்ணு!" என்று கத்தினார் ஆர்டன். "பட்டது பூஜ்யம்!"

டெல்பர்ட் குச்சியைப் பார்த்தார். போகிற மாட்டைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது மாடு வந்தது. முகத்துக்கு நேரே போனார், எச்சரித்தார், நின்றது, "முதல்ல எனக்கு", "ஆவ்!", மூன்றடி, நடந்தது. மூன்றாவது. நான்காவது. மூன்றாவதிலேயே ரோண்டாவுக்கு விளங்கிவிட்டது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தாள். பத்தாவதில் டெல்பர்ட்டுக்கும் விளங்கியது, அவர் பாணியில்.

"ஆர்டனு, பாத்தியா! அதுங்களுக்கு மனசு இளகுது!"

"என்னது?"

"ஒரு மனுஷன் தனக்காக வலி தாங்கறான்னு அதுங்களுக்குத் தெரியுது. வெக்கப்பட்டு நடக்குது!"

செய்தி சாப்பாட்டுக் கடைக்குப் பரவியது. கிண்ணமும் ரொட்டியுமாக ஆட்கள் வந்து வேலியில் சாய்ந்தார்கள். மாடு வாங்க வந்தவர்கள் ஏல வட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள்.

"இருவத்தேழு! பட்டது பூஜ்யம்!"

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலப்பா. டெல்பர்ட்டுக்குத்தான் மாட்டு டாக்டரக் கூப்பிடணும்."

"எடை போட்டு அவரையும் வட்டத்துல விடுங்கப்பா, நல்லா துள்றாரு!"

முப்பதில் இடது கை மரத்துப்போய் வலது கைக்கு மாறினார். நாற்பத்தைந்தில் வலது கையும் போய்த் தொடைக்கு மாறினார். ஐம்பதில் லவோன் காபி கொண்டுவந்தார். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி இஸ்திரி போட்ட சட்டைக்கு.

"ஏங்க, போதும். விட்டுருங்க."

"கொள்கை, லவோன்!" என்றார் டெல்பர்ட். பல் தந்தி அடித்ததில் 'கொ' நான்கு முறை வந்தது.

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்துமூன்றாவது மாடு, கொம்பு தீய்த்த கிழட்டுச் செவலை, சந்தில் வந்து நின்றது. டெல்பர்ட் எச்சரித்தார். தொடையில் குச்சியை வைத்தார். அமுக்கினார்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி அமுக்கினார். 'ட்ர்ர்' இல்லை, பிடியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கும் இல்லை. பேட்டரி உயிரை விட்டிருந்தது.

டெல்பர்ட் நின்றார். அவருக்கு ஷாக் இல்லை, ஆகவே துள்ளவில்லை. அவர் துள்ளவில்லை, ஆகவே மாடு நகரவில்லை. அவருக்கு வைக்காமல் மாட்டுக்கு வைக்கக் கூடாது. வைத்தாலும் செத்த குச்சி. பாலத்தில் ஆர்டன் எண்ணும் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் முப்பத்தேழு மாடு வரிசையில் முட்டிக்கொண்டு நின்றது. "என்னாச்சு?" என்றது வேலி. எதிர்ப்பக்கம் ரோண்டாவின் பார்வை குச்சியின் பிடியில், அந்த எரியாத விளக்கின்மேல் நிலைத்திருந்தது.  மாட்டின் வால் பக்கம் இரண்டடி போங்கள் என்று அவள் கண்ணால் மட்டும் காட்டினாள்.

குத்தவே சொல்லலையே.

ஒரு வாரம் வெளியே காத்திருந்த அந்த வார்த்தை இப்போது காதுக்குள் நுழைந்தது. டெல்பர்ட் செவலையின் கண்ணைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடமாக எத்தனை மாட்டின் கண்! தான் சொல்வதைக் கேட்கின்றன, யோசிக்கின்றன, சில ஏற்றுக்கொள்கின்றன, சில பிடிவாதம் பிடிக்கின்றன என்றுதான் நினைத்திருந்தார். இந்தச் செவலையின் கண்ணில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. 'வழியை விட்டு நகர்கிறாயா, பெரியவனே?' என்று மட்டும்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாமே அப்படித்தான் பார்த்திருக்கும்போல.

சும்மா இரண்டடி வால் பக்கம் வைத்தால் மாடு போய்விடும். போய்விட்டால் வேலி முழுக்கப் பார்த்துவிடும். பார்த்துவிட்டால் குச்சிக்கு வேலையில்லை, விதிக்கு வேலையில்லை, தலைவருக்கு வேலையில்லை.  அவர் செத்த குச்சியைத் தொடையில் அழுத்தினார். வானத்தைப் பார்த்தார்.

"ஆஆஆவ்!"

அதற்கு முந்தைய அறுபத்திரண்டிலும் இல்லாத அலறல். துள்ளல் மூன்றடி இல்லை, ஐந்தடி. மாடு நடந்தது.

"அறுவத்திமூணு!" என்று கத்தினார் ஆர்டன். "பட்டது பூஜ்யம்!"

ரோண்டாவின் ஒரு புருவம் மெல்ல மேலே போனது. நிஜ அலறலுக்கும் பொய் அலறலுக்கும் வித்தியாசம் தெரிந்த லவோன், காபிக் குவளையின் அடியை ஆராய ஆரம்பித்தார். அதன் பிறகு முப்பத்தேழு மாடு. ஒன்றை ஒன்று மிஞ்சிய நடிப்பு. எழுபதில் ஒற்றைக்காலில் தத்தினார். எண்பதில் வேலியைப் பிடித்துக்கொண்டு முனகினார். தொண்ணூறில் "எனக்கு ஒண்ணும் இல்ல, அதுங்களப் பாருங்க" என்றார். நூறாவதில் மண்டி போட்டுச் சாய, நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். கைதட்டலில் மாடு மிரளாதது பெரிய விஷயம்.

நூறு மாடு. பட்டது பூஜ்யம். குச்சி டெல்பர்ட்டிடமே இருக்கும்.

கூட்டம் கலைந்தபிறகு ரோண்டா வந்து, தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுல போச்சு அத்தான், அறுவத்திரெண்டுலயா?"

"என்னது?"

"பேட்டரி."

டெல்பர்ட் சட்டைக்கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டார். பொத்தான் ஓட்டையைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று.

"அறுவத்திமூணுல" என்றார்.

"ம்ம். நல்லாத்தான் கத்துனீங்க."

"சொல்லப்போறியா?"

ரோண்டா யோசித்தாள். மாட்டுக்கு வேண்டியது மாட்டுக்குக் கிடைத்துவிட்டது. அத்தானுக்கு வேண்டியதை எதற்குப் பிடுங்கவேண்டும்? அவள் உள்ளங்கையை நீட்டினாள்.  டெல்பர்ட் குச்சியின் பிடியைத் திருகி, பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தார். நான்காவதை விடுவதற்குத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுல வேற பேட்டரி இருக்கா?"

"... டிராயர்ல ரெண்டு."

"அக்காகிட்ட சொல்லி வாங்கிக்கறேன்."

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, எட்டாவது விதியைத் தானே முன்மொழிந்தார். குச்சி ஒருவர் பொறுப்பில், பேட்டரி இன்னொருவர் பொறுப்பில். "வலி கொடுக்கற அதிகாரம் ஒரே கையில குவியக் கூடாது" என்று மேசையைத் தட்டினார். கடையே தட்டியது. ஆர்டன்கூட ரொட்டியை வைத்துவிட்டுத் தட்டினார். ரோண்டா வழிமொழிந்தாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அன்றிலிருந்து வில்லோபோர்ட்டில் ஒரு மாட்டுமேலும் குச்சி பட்டதில்லை. டெல்பர்ட்டின் பெயர் நாலா பக்கமும் பரவிவிட்டது. பக்கத்துக் கவுண்டிகளில் கூப்பிடுகிறார்கள். வெறும் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 'வலி தரும் கருவிகளும் மனச்சாட்சியும்' என்று ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். முடிவில் சட்டைக்கையை மடித்து ஒரு "ஆவ்!" உண்டு, முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது வண்டி எழுபதில் பறக்கிறது.

இதைப் படித்துச் சிரித்தவர்களே, குச்சி வைத்திருக்கிற டெல்பர்ட்டுகள் அபூர்வம். அவர்களால் பெரிய ஆபத்தில்லை. குச்சி இல்லாதவர்கள்தான் எங்கும் இருக்கிறார்கள். ஊழியனை வேலையிலிருந்து நீக்கும் முன் தானும் ஒரு காலத்தில் நீக்கப்பட்ட கதையைச் சொல்லி அவனையே தேற்றச் சொல்கிற மேலாளர். 'எங்கப்பா என்னை அடிச்சதுல பாதிகூட நான் உன்னை அடிக்கல' என்று பிள்ளையிடம் நன்றி எதிர்பார்க்கிற தகப்பன். உங்கள் புதுப் புடவையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேற்று தன் புடவையை யாரோ மட்டம் தட்டியதை முதலில் சொல்லிக்கொள்கிற நாத்தனார். எல்லோரும் முகத்துக்கு நேரே வந்து நின்று, கண்ணைப் பார்த்து, எச்சரித்துவிட்டுத்தான் குத்துவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். குத்து விழுவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால், "தப்பா எடுத்துக்காதீங்க" என்பார்கள்.

நீங்கள் அந்த ரகம் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மறைப்பது நியாயமாகாது. சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் நான் கொஞ்சம் விசாரித்தேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.